பத்துப் பொருளுக்கு ஒரு வரிசை

எக்ஸ்பிரஸ் கவுண்டரில் நிற்பவர்களின் கண் முன்னால் நிற்பவரின் கூடையில்தான் இருக்கும். மேலே '10 பொருள்களுக்குள் மட்டும்' என்று பலகை தொங்குகிறது. சோப்பு, ரவை, துவரம் பருப்பு, எண்ணெய் பாக்கெட், பிஸ்கட் என்று மனதுக்குள் எண்ணிக்கொண்டே போய், பத்தைத் தாண்டியதும் பல்லைக் கடிக்கிறார்கள். சிலர் வாய்விட்டே கேட்டுவிடுவார்கள். "சார், போர்டைப் பாக்கலையா?" அவரும் சும்மா இருக்க மாட்டார். "பில் போடுறவங்களே ஒண்ணும் சொல்லல, உங்களுக்கு என்ன?" பில் போடும் பெண் தலையை நிமிர்த்தாமல் ஸ்கேன் செய்துகொண்டிருப்பார். இந்த மூவரில் யார் மேல் தவறு? பலகையை மீறியவர் மேல் கொஞ்சம் உண்டு. பெரும் பங்கு அங்கே கண்ணில் படாத நான்காவது ஆளுடையது. அந்த ஆளிடம் போவதற்கு முன், இந்த ஏற்பாட்டில் உள்ள நியாயத்தைச் சொல்லிவிட வேண்டும். அது சின்ன நியாயமல்ல.

நம்மூர் மளிகைக் கடையில் வரிசை என்ற ஒன்றே கிடையாது. மாதச் சாமான் சீட்டைக் கொடுத்தவருக்கு உளுந்து நிறுத்துக்கொண்டிருக்கும்போதே, தீப்பெட்டி கேட்டு வந்த பையனுக்கு அண்ணாச்சி எடுத்துக் கொடுத்து அனுப்பிவிடுவார். சீட்டுக்காரர் கோபித்துக்கொள்ள மாட்டார். கால் கிலோ சர்க்கரைக்கு வந்தவரை முக்கால் மணி நேரம் நிற்க வைப்பது அநியாயம் என்பது எல்லாருக்கும் தெரியும். அந்தக் கடையைப் பொற்காலமாக்க வேண்டியதில்லை. குரல் பெரிதாக உள்ளவர் முந்திக்கொள்வதும், ஒதுங்கி நிற்கும் சிறுமி கடைசிவரை நிற்பதும் அங்கே உண்டு. ஆனாலும் சிறிய வேலையை இடையிலேயே முடித்து அனுப்பும் வழக்கம் இருந்தது.

பொருளை நாமே எடுத்துக்கொள்ளும் முறை வந்தபோது அந்த வழக்கம் அறுந்தது. 1916இல் அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரில் கிளாரன்ஸ் சாண்டர்ஸ் 'பிக்லி விக்லி' கடையைத் திறந்தார். அலமாரியிலிருந்து எடுக்கும் வேலை வாடிக்கையாளர் கைக்கு வந்தது. எல்லாரும் ஒரே வாசல் வழியாகக் காசு கொடுத்து வெளியேற வேண்டியதாயிற்று. 1937இல் ஓக்லஹோமா நகரத்துக் கடைக்காரர் சில்வன் கோல்ட்மன் சக்கர வண்டியைக் கொண்டுவந்தார். கை வலிக்கும் அளவோடு நின்ற கொள்முதல் வண்டி நிறையும் அளவுக்கு வளர்ந்தது. ஒரு பால் பாக்கெட்டும் ஒரு வண்டிச் சாமானும் ஒரே வரிசையில் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும் நிலை இப்படித்தான் வந்தது. எக்ஸ்பிரஸ் கவுண்டர் அண்ணாச்சியின் பழைய ஒழுங்கைப் பலகை மாட்டித் திரும்பக் கொண்டுவரும் முயற்சி.

கணக்கும் இதற்குச் சாதகமாகவே இருக்கிறது. கலிஃபோர்னியாவில் கணித ஆசிரியராக இருந்த டேன் மேயர் ஒரு பெரிய மளிகைச் சங்கிலிக் கடையின் விவரங்களை எடுத்துக் கணக்கிட்டார். ஒரு பொருளை ஸ்கேன் செய்யச் சுமார் 3 விநாடி. வணக்கம் சொல்லி, பணம் கொடுத்து, மீதி வாங்கி, பையை எடுத்துக்கொண்டு நகர்வதற்கு ஆளுக்குச் சுமார் 41 விநாடி. 60 பொருளோடு ஒருவர் முன்னால் நிற்கிறார், அவருக்குப் பின்னால் ஆளுக்கு 3 பொருளோடு மூவர் நிற்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பெரிய வண்டிக்கு 221 விநாடி ஆகும், சிறியவர்களுக்குத் தலைக்கு 50. மூவரும் முதலில் போனால் வண்டிக்காரர் இரண்டரை நிமிடம் கூடுதலாக நிற்பார். அந்த மூவரில் ஒவ்வொருவருக்கும் மூன்று நிமிடம் நாற்பத்தொரு விநாடி மிச்சமாகும். இழப்பு ஒருவருக்கு, லாபம் மூவருக்கு.

கணக்கைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. வேகமான வரிசை என்று இன்று நாம் காணும் ஏறக்குறைய எல்லாமே விலைக்கு வருகின்றன. திருமலையில் 300 ரூபாய் கொடுத்தால் சிறப்பு நுழைவு தரிசனம். ரயிலில் கூடுதல் கட்டணம் கட்டினால் தத்கல். விமான நிலையத்தில் உயர்வகுப்புச் சீட்டு வைத்திருப்பவருக்குத் தனி வழி. எக்ஸ்பிரஸ் கவுண்டர் இதற்கு நேர்மாறானது. ஐயாயிரம் ரூபாய்க்கு வாங்கியவரை நிறுத்திவிட்டு ஐம்பது ரூபாய்க்கு வாங்கியவரை முன்னால் அனுப்புகிறது. குறைவாகச் செலவு செய்பவருக்குக் கடையே முன்னுரிமை தரும் இடம் வேறு எங்கே இருக்கிறது? இதைக் காப்பாற்ற வேண்டும் என்று நான் நினைப்பதற்கு முதல் காரணம் இதுதான்.

சிறிய வேலைக்கு வழிவிட மனிதர்கள் தயாராகவே இருக்கிறார்கள். உளவியலாளர் எலன் லாங்கரும் அவருடைய சகாக்களும் நியூயார்க்கில் ஜெராக்ஸ் இயந்திரத்தின் முன் நின்றவர்களிடம் செய்த சோதனை 1978இல் வெளியானது. ஐந்து பக்கம்தான், முதலில் எடுத்துக்கொள்ளலாமா என்று வெறுமனே கேட்டபோது 60 சதவீதம் பேர் சம்மதித்தார்கள். அவசரம் என்று காரணம் சொன்னபோது 94 சதவீதம். இருபது பக்கம் என்றதும், காரணம் சொன்னபோதுகூட 42 சதவீதம்தான். நம் கடைகளிலும் "ஒரே ஒரு பால் பாக்கெட்தாங்க" என்றால் "போங்கம்மா, போங்க" என்று வழிவிடுகிறோம். ஆனால் கேட்பதற்குத் துணிச்சல் வேண்டும். கூச்சப்படுபவர்களும், புது ஊரில் மொழி தெரியாமல் நிற்பவர்களும் கேட்க மாட்டார்கள். கேட்காமலே கிடைக்கும்படி பலகை செய்கிறது.

இனி குறைகள். முதல் குறை அந்த 41 விநாடியிலேயே இருக்கிறது. எக்ஸ்பிரஸ் வரிசையில் 10 பொருளோடு நால்வர் நின்றால் 284 விநாடி ஆகும். பக்கத்து வரிசையில் 60 பொருளோடு ஒரே ஒருவர் நின்றால் 221 விநாடிதான். பொருள் எண்ணிக்கையைவிட ஆள் எண்ணிக்கையே நேரத்தைத் தின்கிறது. 1974 ஜூன் 26 அன்று ஒஹையோ மாநிலத்தின் ட்ராய் நகரக் கடையில் ஒரு சூயிங்கம் பாக்கெட் முதன்முதலாக பார்கோடு மூலம் ஸ்கேன் செய்யப்பட்டது. அதற்கு முன் ஒவ்வொரு விலையையும் விரலால் தட்டிப் பதிவு செய்ய வேண்டியிருந்தது. அந்தக் காலத்தில் பொருளை எண்ணுவதில் அர்த்தம் அதிகம். பார்கோடு பொருளுக்கான நேரத்தைச் சுருக்கிவிட்டது. ஆளுக்கான நேரத்தை அது தொடவில்லை. பலகையோ இன்னும் பொருளையே எண்ணிக்கொண்டிருக்கிறது.

நம் கடைகளில் ஆளுக்கான நேரம் இன்னும் நீள்கிறது. "போன் நம்பர் சொல்லுங்க." "பாயிண்ட் கார்டு இருக்கா?" "இன்னிக்கு ஆஃபர்ல ஷாம்பு இருக்கு, போடவா?" பிறகு ஜிபே சுற்றிக்கொண்டே நிற்கும். சில்லறை இல்லாமல் பக்கத்துக் கல்லாவுக்கு ஆள் போகும். பில் வாங்கி நகர்ந்தால் வாசலில் காவலர் அதை வாங்கி முத்திரை குத்த இன்னொரு சின்ன வரிசை. கைபேசி எண் தராவிட்டால் விற்க மாட்டோம் என்று கடைகள் வற்புறுத்தக் கூடாது என 2023 மே மாதத்திலேயே மத்திய நுகர்வோர் விவகாரத் துறை அறிவுறுத்திவிட்டது. ஆனாலும் எண் கேட்கும் பழக்கம் எக்ஸ்பிரஸ் கவுண்டரில்கூட விடவில்லை. ஒருவர் பதின்மூன்று பொருள் கொண்டுவந்தால் கூடுவது 9 விநாடி. ஒரு போன் நம்பரைக் கேட்டு, தப்பாக அடித்து, திருத்தி அடிப்பதற்கு அதைவிடக் கூடுதலாகவே ஆகும். ஆனால் நம் கோபமெல்லாம் அந்த 9 விநாடிக்காரர் மேல்தான் பாய்கிறது.

பத்து என்பது எதைக் குறிக்கிறது என்பதிலும் தெளிவில்லை. ஒரே மாதிரியான பன்னிரண்டு நூடுல்ஸ் பாக்கெட்டை ஒருமுறை ஸ்கேன் செய்து 12 என்று அடித்தால் முடிந்தது. எடை போட்டு ஸ்டிக்கர் ஒட்டாமல் கொண்டுவந்த ஒரே ஒரு பை வெண்டைக்காய்க்கு ஆள் ஓடிப் போய்த் திரும்பி வர வேண்டும். முன்னவர் விதியை மீறியவராகத் தெரிகிறார், பின்னவர் ஒழுங்கானவராகத் தெரிகிறார். வரிசையில் நிற்பவர்களின் நேரத்தைத் தின்றது யார் என்று பார்த்தால் கதை தலைகீழ்.

இதைவிட எனக்கு உறுத்துவது முதியவர்கள் படும் பாடு. மூன்றே பொருளோடு ஒரு பாட்டி வருகிறார். சுருக்குப் பையை அவிழ்த்து, மடித்த நோட்டுகளைப் பிரித்து, நாணயங்களை ஒவ்வொன்றாக எண்ணி வைக்கிறார். பின்னால் பெருமூச்சுகள் கேட்கின்றன. 'எக்ஸ்பிரஸ்' என்ற பெயர் அவரைக் குற்றவாளியாக்கிவிடுகிறது. பலகை கேட்டது பொருளின் எண்ணிக்கையை மட்டும்தான், விரலின் வேகத்தை அது கேட்கவில்லை. அந்த வரிசையில் நிற்க அவருக்கு முழு உரிமை உண்டு. நெதர்லாந்தின் 'யும்போ' கடைகள் 2019இல் ஃப்ளைமன் என்ற ஊரில், அவசரமில்லாதவர்களுக்காகவே, பில் போடுபவரோடு நின்று பேச விரும்புபவர்களுக்கான கல்லா ஒன்றைத் திறந்தன. தனிமையில் வாடும் முதியவர்களை மனதில் வைத்துத் தொடங்கிய அது பிறகு பல கிளைகளுக்குப் பரவியது. மெதுவானவர்களுக்கும் கடையில் இடம் உண்டு என்பதை ஒரு நிறுவனம் வெளிப்படையாகச் சொன்னது பாராட்ட வேண்டிய செயல்.

நம் மாதத்தின் போக்கும் இந்த நிலையான பலகையோடு ஒத்துப்போவதில்லை. சம்பளம் வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை எல்லார் வண்டியும் நிறைந்திருக்கும். எக்ஸ்பிரஸ் கவுண்டரில் உள்ளவர் கை கட்டி உட்கார்ந்திருக்க, மற்ற வரிசைகள் அரிசி அடுக்கு வரை நீண்டிருக்கும். இருபதாம் தேதிக்கு மேல் வார நாள் மாலையில் வருபவர்களில் பாதிக்கு மேல் கூடைக்காரர்கள். எல்லாரும் எக்ஸ்பிரஸ் வரிசைக்குத் தகுதியானவர்கள் என்றால் அது வெறும் வரிசைதான். நாளையும் நேரத்தையும் பார்த்துப் பலகையைக் கழற்றவும் மாட்டவும் யாராவது வேண்டும்.

அந்த 'யாராவது'தான் நான் சொன்ன நான்காவது ஆள்: கடையின் நிர்வாகம். பலகையை மாட்டியதோடு அதன் வேலை முடிந்துவிடுகிறது. மீறுபவரைத் தடுக்கும் வேலையை வரிசையில் நிற்பவர்கள் தலையில் கட்டிவிடுகிறது. பில் போடும் பெண்ணிடமும் அதிகாரம் இல்லை. "அடுத்த கவுண்டருக்குப் போங்க" என்று அவர் சொல்லி, வாடிக்கையாளர் கத்தினால், திட்டு வாங்கப்போவது அவர்தான். வாடிக்கையாளர்களே காவல் பார்ப்பார்கள் என்பதும் நடவாத காரியம். உளவியலாளர் ஸ்டான்லி மில்கிராமின் குழு நியூயார்க்கில் 129 வரிசைகளில் ஆட்களை இடையில் நுழையவிட்டுப் பார்த்தது. ஒரே ஆள் நுழைந்தபோது ஏறக்குறைய பாதி வரிசைகளில் யாரும் வாயே திறக்கவில்லை. வரிசையில் நேரடியாக நுழைபவரையே கேட்காதவர்கள், கூடையில் மூன்று பொருள் கூடுதலாக இருப்பதையா கேட்கப் போகிறார்கள்? கேட்காமல் உள்ளுக்குள் புழுங்குவார்கள். அல்லது ஒருநாள் மொத்தமாக வெடிப்பார்கள்.

நிர்வாகம் நினைத்தால் முடியும் என்பதற்குச் சான்று உண்டு. அமெரிக்காவின் 'டார்கெட்' சங்கிலிக் கடை 2024 மார்ச்சில் தன் பெரும்பாலான கடைகளில் தானே பில் போடும் இயந்திரங்களை 10 பொருள்களுக்குள் வாங்குபவர்களுக்கு மட்டும் என்று ஆக்கியது. அதோடு நிற்காமல், ஆள் உள்ள கல்லாக்களை அதிகம் திறக்கும் உரிமையைக் கடை மேலாளர்களிடம் விட்டது. 'யும்போ'வின் வாக்குறுதி இன்னும் துணிவானது. எல்லாக் கல்லாவும் திறக்கப்படாத நிலையில் வரிசையில் நான்காவது ஆளாக நிற்க நேர்ந்தால், வாங்கிய பொருள்களுக்குக் காசு வேண்டாம் என்றது. காத்திருப்புக்கான பொறுப்பு எங்கே இருக்க வேண்டுமோ அங்கே வைத்த வாக்குறுதி அது. நம்மூரில் ஆறு கல்லா கட்டி இரண்டில் மட்டும் ஆள் வைக்கும் கடைகளில் அந்த நான்கு காலி நாற்காலிகள்தான் வரிசையை நீட்டுகின்றன.

கூடைக்காரர்களுக்கு மட்டுமாவது இரண்டு மூன்று கல்லாக்களுக்குச் சேர்த்து ஒரே வரிசை வைப்பது நல்லது. பின்னால் வந்தவர் முன்னால் போக முடியாது, ஒரு பாட்டி நிதானமாக நாணயம் எண்ணினாலும் வரிசை பக்கத்துக் கல்லா வழியாக நகர்ந்துகொண்டே இருக்கும். வண்டிகளுக்கு இது பொருந்தாது, அதற்கு இடம் போதாது. எக்ஸ்பிரஸ் கவுண்டரில் போன் நம்பரும் ஆஃபரும் கேட்கக் கூடாது என்று கடைகள் தமக்குத் தாமே ஒரு விதி வைத்தால், பத்தைப் பதினைந்தாகக்கூட உயர்த்தலாம்.

வாங்குபவர்களிடம் கேட்பதற்கும் சில உண்டு. காய்கறியை எடை போட்டுவிட்டு வாருங்கள். பையை வெளியே எடுத்து வையுங்கள், பணம் செலுத்தும் செயலியைத் திறந்து வையுங்கள். கணவர் வரிசையில் வெறும் கூடையோடு இடம் பிடிக்க, மனைவி ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து போடும் பழக்கம் வேண்டாம். முப்பது பொருளை எடுத்துக்கொண்டு தெரிந்தே அங்கே போய் நிற்காதீர்கள், அது பின்னால் நிற்கும் பால் பாக்கெட்காரரின் நேரத்தைப் பறிப்பது. முன்னால் இருப்பவர் கூடையில் பன்னிரண்டு இருந்தால் விட்டுவிடுங்கள். வரிசை நகராமல் நின்றால் மேலாளரைக் கூப்பிட்டு, மூடிக் கிடக்கும் கல்லாவைத் திறக்கச் சொல்லுங்கள். நான்கு பேர் சேர்ந்து கேட்டால் திறக்கிறார்கள்.