முதுமையின் நலத்தை எண் சொல்லுமா?

காய்ச்சலை வெப்பமானி காட்டும். வீட்டில் வாழும் முதியவரின் வாழ்க்கைத் தரத்தை எதைக் கொண்டு அளப்பது? பொதுவாக மக்களின் வாழ்க்கைத் தரத்தை அளக்க உலக சுகாதார நிறுவனம் 1990-களில் ஒரு வினாத்தாளை உருவாக்கியது. அப்பணியில் பங்கேற்ற நகரங்களுள் சென்னையும் ஒன்று. அதன் சுருக்க வடிவில் 26 வினாக்கள் உள்ளன. கடந்த இரு வாரங்களை எண்ணி, ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை ஓர் எண்ணைத் தேர்ந்து விடையளிக்க வேண்டும்.

பிறரைக் கேளாமல் அவரவரையே கேட்பது இதன் சிறப்பு. உடல், உள்ளம், உறவு, சூழல் என நான்கு மதிப்பெண்களைத் தனித்தனியே தருவதும் பாராட்டத்தக்கது. குறை, ஒவ்வொரு பிரிவுக்குள்ளும் சராசரி காண்பதில் இருக்கிறது.

தேவிகாபுரத்தில் பல வீடுகளில் பட்டுத்தறி உண்டு. அங்கே முதிய நெசவாளர் ஒருவருக்கு முழங்கால் வலி. தறிக்குழியில் இறங்க இயலவில்லை என்று வைத்துக்கொள்வோம். உழைக்கும் ஆற்றலுக்கு 1 என்கிறார், உறக்கத்திற்கு 5. அண்டை வீட்டார் இரண்டுக்கும் 3 என்கிறார். மற்ற விடைகள் ஒத்திருந்தால் உடல்நலப் பிரிவில் இருவருக்கும் ஒரே மதிப்பெண்! ஒருவர் தொழிலையே இழந்தது எங்கே மறைந்தது?

இன்னொன்று: அளவுகோலில் 1-க்கும் 2-க்கும் உள்ள இடைவெளி, 4-க்கும் 5-க்கும் உள்ள இடைவெளிக்குச் சமம். மனநிறைவிலும் அப்படித்தான் என்பதற்கு உறுதி ஏது?

ஆகவே வினாத்தாளை ஒதுக்க வேண்டாம். ஊரோடு ஊரை ஒப்பிடச் சராசரி உதவும். ஒருவருக்கு உதவ வேண்டுமானால் ஒவ்வொரு விடையையும் படிக்க வேண்டும். அந்த நெசவாளருக்கு வேண்டியது மூட்டு வலிக்கு மருத்துவமா, உட்கார்ந்தபடி தார் சுற்றும் வேலையா என ஆராயத் தூண்டுவது அந்த 1 தான், சராசரி அன்று.