வெயிலின் சதமும் கோழியின் மூச்சும்

சூழலியல் இதழியலைக் குறித்து நம்மிடையே நிகழும் உரையாடல் பெரும்பாலும் குறைகளின் பட்டியலாகவே அமைகிறது. காலநிலை மாற்றம் பற்றித் தமிழில் போதிய நூல்கள் இல்லை; நாளிதழ்கள் அதற்கு இடம் ஒதுக்குவதில்லை; தமிழ் வாசகர்க்கு அறிவியலில் நாட்டமில்லை என்பன வழக்கமாகச் சொல்லப்படுபவை. இறுதியாகச் சொன்ன குறை உண்மைதானா என்று ஆராய்வதற்குச் சேலம், நாமக்கல் சமவெளியைவிடப் பொருத்தமான நிலம் அரிது.

இவ்வட்டார வாசகர் மூன்று எண்களை விடாமல் படித்து வருகிறார். மேட்டூர் அணையின் நீர்மட்டம் ஒன்று. முட்டையின் பண்ணைக் கொள்முதல் விலை மற்றொன்று. கோடையில் வெயிலின் அளவு மூன்றாவது. 1934இல் திறக்கப்பட்ட மேட்டூர் அணை 120 அடி எட்டினால் நிறைந்தது என்பதை இங்கு யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. கன அடியையும் டி.எம்.சி.யையும் பள்ளிப் படிப்பை முடிக்காத உழவரும் பிழையின்றிக் கையாளுகிறார். எண்ணும் அளவும் அவருக்கு அந்நியமல்ல. எனவே குறை வாசகரிடத்தில் இல்லை. எழுதப்படும் முறையில்தான் அதைத் தேட வேண்டும்.

மூன்றாவது எண்ணை எடுத்துக்கொள்வோம். கோடை தோறும் ‘சேலத்தில் வெயில் சதம்’ என்னும் தலைப்பு நாளிதழ்களில் தவறாமல் இடம்பெறுகிறது. மட்டைப் பந்தாட்டத்திலிருந்து இரவல் பெற்ற இச்சொல்லாட்சி, நூறு பாரன்ஹீட்டை ஒரு வெற்றிக் கோடாக ஆக்கிவிடுகிறது. நூறு பாரன்ஹீட் என்பது ஏறத்தாழ 37.8 செல்சியஸ். அந்தப் புள்ளியில் மனித உடலிலோ மண்ணிலோ தனிப்பட்ட மாற்றம் எதுவும் நிகழ்வதில்லை. இந்திய வானிலைத் துறை சமவெளிப் பகுதியில் வெப்ப அலையை அறிவிக்க வகுத்துள்ள நெறி வேறு: வெப்பம் 40 செல்சியஸையேனும் எட்ட வேண்டும், அத்துடன் அந்த இடத்தின் வழக்கமான அளவைவிட 4.5 பாகையேனும் மிகுந்திருக்க வேண்டும். இரண்டாம் நிபந்தனையில்தான் பொருள் இருக்கிறது. ஓரூரின் வெப்பத்தை அவ்வூரின் கடந்த காலத்தோடு ஒப்பிட்டே அது மதிப்பிடுகிறது. ‘சதம்’ என்னும் சொல்லோ கடந்த காலத்தையும், காற்றின் ஈரப்பதத்தையும், உடல் ஓய்வுபெற விடாத இரவின் புழுக்கத்தையும் ஒருங்கே விலக்கிவிடுகிறது. வெயில் ஆட்டக்காரராகிறது, நாம் பார்வையாளர்களாகிறோம்.

அதே நாளிதழ்களின் உள்ளூர்ப் பக்கத்தில் வேறொரு செய்தியும் வருகிறது. நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி மற்றும் ஆராய்ச்சி நிலையத்தின் வானிலைக் குறிப்பு அது. அடுத்த சில நாள்களுக்கான பகல் வெப்பம், இரவு வெப்பம், ஈரப்பதம், காற்றின் திசை, வேகம் ஆகியவற்றைச் சொல்லி, கோழிப் பண்ணையாளர் செய்ய வேண்டியதையும் அது சொல்கிறது. ‘வெப்ப அயற்சி’ என்னும் அழகிய தமிழ்த் தொடரை இக்குறிப்புகளே இவ்வட்டாரத்தில் பரவலாக்கின எனலாம்.

அக்குறிப்பின் பின்னுள்ள அறிவியல் நோக்கத்தக்கது. கோழிக்கு வியர்வைச் சுரப்பிகள் இல்லை. ஏறத்தாழ 41 செல்சியஸ் உடல் வெப்பம் கொண்ட அப்பறவை, வெளிவெப்பம் ஏறும்போது வாய் திறந்து விரைவாக மூச்சிரைத்தே உடலைத் தணித்துக்கொள்கிறது. மூச்சிரைப்பில் கரியமில வாயு மிகுதியாக வெளியேறுவதால் இரத்தத்தின் காரத்தன்மை உயர்கிறது. ஓடு உருவாகத் தேவையான கார்பனேட் குறைகிறது. முட்டை ஓடு மெலிகிறது. கடுங்கோடையில் தீவனத்தில் சமையல் சோடா சேர்ப்பதும், குளிர்ந்த வேளையில் தீவனம் அளிப்பதும், கூரையில் நீர் தெளிப்பதும் வெறும் கைப்பழக்கங்கள் அல்ல; இந்த அறிவிலிருந்து பிறந்த செயல்கள்.

இச்சிறு குறிப்பைத் தமிழின் நல்ல அறிவியல் இதழியலுக்கு எடுத்துக்காட்டு என்று சொல்ல நாம் தயங்க வேண்டியதில்லை. யாருக்காக எழுதப்படுகிறது என்பதை அது அறிந்திருக்கிறது. எண்ணை ஓர் உயிரின் உடலோடும், அந்த உடலின் நிலையை மறுநாட் காலை செய்ய வேண்டிய வேலையோடும் இணைக்கிறது. துருவக் கரடியையும் உருகும் பனிப்பாறையையும் காட்டி அச்சுறுத்தும் மொழிபெயர்ப்புக் கட்டுரைகளில் இந்த இணைப்பு இல்லை. எளிய, அண்மையிலுள்ள உயிரை அறிவின் பொருளாக்குவது நம் மரபுக்குப் புதிதன்று. ஒன்பதாம் நூற்றாண்டில் பஸராவின் பேரறிஞர் அல்ஜாஹிஸ் தம் ‘கிதாபுல் ஹயவான்’ நூலில் நாயையும் சேவலையும் முன்னிறுத்தி நெடியதொரு விவாதத்தையே அமைத்தார் என்பது ஈண்டு நினைவுகூரத்தக்கது.

எனினும் இக்குறிப்பின் எல்லையையும் சொல்லியாக வேண்டும். அது கொட்டகையின் வாயிலோடு நின்றுவிடுகிறது. கோழிக்கு வரும் வெப்ப அயற்சி அதற்குத் தெரியும். அக்கோழிக்குத் தீவனம் இடும் தொழிலாளியின் உடல் அதன் கணக்கில் இல்லை. பள்ளிபாளையம், திருச்செங்கோட்டு விசைத்தறிக் கூடங்களில் கூரையின் கீழ் நிற்பவர்க்கும், மரவள்ளிக் கிழங்கு பிடுங்குபவர்க்கும் இத்தகைய குறிப்பை எழுதுவோர் இல்லை. 2024 அக்டோபரில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, அதனால் இறப்போரின் குடும்பத்திற்கு நான்கு இலட்சம் ரூபாய் நிவாரணம் என்று விதித்தது. ஆனால் ஓர் இறப்பு வெப்பத்தால் நேர்ந்தது என்று நிறுவ வேண்டுமெனில், வெப்பம் உடலை என்ன செய்கிறது என்னும் அறிவு ஊரில் இருந்தாக வேண்டும். ‘வேலை செய்தபோது மயங்கி விழுந்து இறந்தார்’ என்னும் ஒற்றை வரிச் செய்தி அந்த அறிவைத் தருவதில்லை. அக்குடும்பத்திற்குரிய சான்றையும் அது விட்டுவிடுகிறது.

அடுத்த குறை நினைவைப் பற்றியது. காலநிலை என்பது முப்பதாண்டு வானிலையின் சராசரி. தினக்குறிப்போ மறுநாளே மறக்கப்படுகிறது. 2016இல் தமிழகத்தில் வடகிழக்குப் பருவமழை 62 விழுக்காடு பொய்த்தது. 2017 சனவரியில் அன்றிருந்த 32 மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன. அடுத்த ஆண்டிலேயே, 2018 சூலையில், மேட்டூர் அணை நிரம்பியது. இவ்விரு செய்திகளையும் தனித்தனியே படித்தவர் பலர். ஒரே வரலாறாக இணைத்து எழுதியவர் சிலரே. இந்தியா முழுவதும் ஆழ்துளைக் கிணறு தோண்டச் செல்லும் திருச்செங்கோட்டு ரிக் வண்டிகளின் ஓட்டுநர்கள் ஆண்டுக்காண்டு நீர் இறங்குவதைக் கண்ணால் கண்டவர்கள். அவர்களது அனுபவமும் எழுதப்படாமலே கிடக்கிறது.

காட்டுயிர் எழுத்திலும் இதே இடைவெளியைக் காணலாம். 1950 முதல் 1996இல் மறையும் வரை ஆங்கில நாளிதழொன்றில் பத்தி எழுதிய மா. கிருஷ்ணன், யானையைப் போலவே காகத்தையும் அணிலையும் கவனித்தவர். அவருடைய தமிழ்க் கட்டுரைகளைச் சு. தியடோர் பாஸ்கரன் ‘மழைக்காலமும் குயிலோசையும்’ என்றும், நாமக்கல்லில் தமிழ் கற்பித்த பெருமாள்முருகன் ‘பறவைகளும் வேடந்தாங்கலும்’ என்றும் தொகுத்தளித்தனர். இருந்தும் அவருக்குப் பின் வந்த எழுத்து கொல்லிமலைக்கும் சேர்வராயன் மலைக்கும் ஏறிச் செல்கிறதே தவிர, அடிவாரத்தில் நிற்பதில்லை. கொங்கு வழக்கில் ‘காடு’ என்றால் வேளாண் நிலம்; ‘காட்டுக்குப் போகிறேன்’ என்பவர் தம் வயலுக்கே போகிறார். மேட்டுக்காட்டின் கிளுவை வேலியும், அதனுள் ஒடுங்கும் கௌதாரியும், பனையோலையில் கூடமைக்கும் உழவாரனும் இச்சொல்லின்படி காட்டுயிர்களே. வட்டார வழக்கு வழங்கும் இந்த விரிந்த பொருளை நம் சூழலியல் எழுத்து இன்னும் பயன்படுத்திக்கொள்ளவில்லை.

ஆகவே இங்கு வேண்டுவது பெருந்திட்டமன்று. கோழிக்கு எழுதப்படும் குறிப்பில், அன்றைய வெப்பம் வழக்கத்தைவிட எத்தனை பாகை மிகுதி என்பதற்கு ஒரு வரி. இரவில் எந்த அளவுக்கு மேல் மனித உடல் ஓய்வுபெறாது என்பதற்கு ஒரு வரி. வெளியில் உழைப்பவர் எந்நேரம் நிழலுக்கு வர வேண்டும் என்பதற்கு ஒரு வரி. எண்களைப் படிக்கப் பழகிய வாசகர் ஏற்கெனவே இருக்கிறார். அவருக்கு அறிவிக்க வேண்டியது வெயில் அடித்த சதத்தையன்று. அன்றைய வெயில் தம்மையும் தம்மிடம் வேலைக்கு வருவோரையும் என்ன செய்யும் என்பதை.