சமரசப் பேச்சில் மறைந்த வினா

பெருமாள் முருகனின் ‘மாதொருபாகன்’ (2010) நாவலைச் சமய நிந்தனை நூலென்று மட்டும் கேள்வியுற்றோர் நம்மிடையே பலர். கதை கொங்கு நாட்டுத் திருச்செங்கோட்டைச் சார்ந்தது. பிள்ளையில்லாப் பொன்னாவை ஊரும் உறவும் சொல்லால் குத்தி ஒதுக்குகின்றன. அக்கொடுமையே நாவலின் உயிர். வீட்டார் அதற்குத் தேடும் திருவிழா வழி நமக்கு உடன்பாடன்று. அஃது வேறு விவாதம். ஆனால் விவாதமே நிகழவில்லையே! 2015 ஜனவரி 12இல் நாமக்கல் ஆட்சியர் அலுவலகத்துச் சமரசப் பேச்சில், சாதி, சமய அமைப்பினரின் சினம் தணிய, ஆசிரியரிடம் நிபந்தனையற்ற மன்னிப்பு எழுதி வாங்கப்பட்டது. அவ்வுடன்பாடு அவரைக் கட்டுப்படுத்தாதெனச் சென்னை உயர்நீதிமன்றம் 2016 ஜூலையில் தீர்ப்பளித்தது.

பிறர் வீட்டுச் சங்கதியென நாம் ஒதுங்கலாகாது. ஷா பானு என்னும் மூதாட்டிக்கு உச்ச நீதிமன்றம் 1985இல் உறுதி செய்த ஜீவனாம்ச உரிமையை, மறு ஆண்டே ராஜீவ் காந்தி அரசு சட்டமியற்றிச் சுருக்க முனைந்தது. தனியார் சட்ட வாரியத்தாரின் சொல் செல்லுபடியாயிற்று; தலாக் சொல்லப்பட்ட ஏழைப் பெண்ணின் சொல் அம்பலம் ஏறவில்லை. ‘மதாஉ’ என்ற திருமறைச் சொல்லுக்குப் பொருள் காண்பதில் முஃபஸ்ஸிர்களிடையே உள்ள கருத்து வேறுபாடு, மதரஸாவில் நாம் பாடமாக ஓதியது, தேர்தல் கணக்கில் மறைந்தது.

கலீஃபா மன்சூர் வலிந்தளித்த காஜிப் பதவியை மறுத்துச் சிறை புகுந்தவர்கள் இமாம் அபூஹனீஃபா (ரஹ்). அவர்களின் மத்ஹபின் பெயரால் அமைச்சர் வாசலில் நிற்போர்க்கு அந்நிகழ்ச்சி நினைவில்லை போலும்.