சார்பும் சான்றும்: ‘கேசரி’, ‘தமிழ்நெற்’ – ஓர் ஒப்பீடு

முன்னுரை

ஒரு செய்தி ஊடகம் ஒரு தரப்பைச் சார்ந்து நிற்பதாலேயே நம்பகத்தன்மையை இழக்கிறது என்பது பொதுவான கருத்தாகும். இக்கருத்து மறுஆய்வுக்குரியது. தன் தரப்புக்கு உவப்பான சான்றை ஆராயாது ஏற்பதே நம்பகத்தன்மையின் முதற்கேடு என்பதை, புனேயில் தோன்றிய ‘கேசரி’ இதழையும் ஈழத்தமிழர் சார்பில் எழுந்த ‘தமிழ்நெற்’ இணையதளத்தையும் முன்வைத்து இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

கோலாப்பூர்க் கடிதங்கள்

1881இல் புனேயில் மராத்தியில் ‘கேசரி’யும் ஆங்கிலத்தில் ‘மராட்டா’வும் தொடங்கப்பெற்றன. கோலாப்பூர் அரசர் நான்காம் சிவாஜி கொடுமைப்படுத்தப்படுவதாக இவ்விதழ்கள் எழுதின. திவான் மாதவராவ் பர்வே எழுதியனவாகக் காட்டப்பட்ட கடிதங்களை நம்பி அவர்மீது குற்றம் சாட்டின. அக்கடிதங்கள் போலியானவை என வழக்கில் தெரியவந்தது. 1882இல் அகர்கரும் திலகரும் நான்கு மாதத் தண்டனை பெற்று, டோங்கிரிச் சிறையில் 101 நாள் இருந்தனர். அவர்களது பரிவு மெய்யானது; சான்று பொய்யானது. பரிவு மிகுந்தமையால் சான்றின்மீது ஐயம் எழவில்லை எனலாம்.

தமிழ்நெற்றின் எழுச்சி

ஒரு நூற்றாண்டுக்கும் மேலான காலத்திற்குப் பின் இதே சிக்கல் இணையத்தில் எழுந்தது. 1997இல் தொடங்கிய ‘தமிழ்நெற்’, மட்டக்களப்பைச் சேர்ந்த தராக்கி சிவராமின் வழிகாட்டலில் வளர்ந்தது. உணர்ச்சிச் சொற்களைத் தவிர்த்து, இடம், நாள், கூறியவர் ஆகியவற்றைச் சுட்டி, செய்தி நிறுவனங்களின் ஆங்கில நடையில் எழுதியமையே அதன் வலிமை. அயல்நாட்டு ஊடகங்களும் அதனை மேற்கோள் காட்டின. 2005 ஏப்ரலில் சிவராம் கடத்திக் கொல்லப்பட்டார். 2007 ஜூனில் இலங்கையில் தளம் முடக்கப்பட்டது.

மேற்கோளும் மெய்ம்மையும்

2009 மே மாதத்தில் பிரபாகரனின் மறைவை இலங்கை அரசு அறிவித்தபோது, அவர் உயிருடன் நலமாக உள்ளார் என்னும் செல்வராசா பத்மநாதனின் கூற்றைத் தமிழ்நெற் மே 19 அன்று வெளியிட்டது. மே 24 அன்று பத்மநாதனே மறைவை ஒப்புக்கொண்டார். ‘இன்னார் கூறினார்’ என்னும் வாய்பாடு செய்தியாளரைக் காக்கலாம், வாசகரைக் காக்காது.

இதன் இழப்பு தளத்தோடு நிற்கவில்லை. தனித்து இயங்கும் செய்தியாளர்கள் போர்க்களத்திற்கு அனுமதிக்கப்படாத நிலையில், மக்கள்மீதான எறிகணைத் தாக்குதல்களைத் தமிழ்நெற் பதிவு செய்திருந்தது. ஐ.நா. பொதுச்செயலர் அமைத்த வல்லுநர் குழு, அத்தாக்குதல்கள் குறித்தும் புலிகள் மக்களை வெளியேறவிடாது தடுத்தமை குறித்தும் நம்பத்தகுந்த குற்றச்சாட்டுகள் உள்ளன என 2011இல் கூறியது. முன்னதற்குத் தளத்தில் கிடைத்த இடம் பின்னதற்குக் கிடைக்கவில்லை. உவப்பான ஒரு பிழைச்செய்தியும் உவப்பற்ற உண்மை பற்றிய மௌனமும், மாண்டவர் பற்றிய மெய்ச்சாட்சியத்தையும் ஐயத்திற்குள்ளாக்கின.

முடிவுரை

ஏட்டுச்சுவடிகளைப் பதிப்போர், தம் கருத்துக்கு இசைந்த பாடத்தையே முதலில் ஐயுறுதல் வேண்டும் என்பது பதிப்பு நெறி. சார்புடைய ஊடகத்திற்கும் அந்நெறி பொருந்தும். சார்பு எதைப் பேசுவது என்பதைத் தீர்மானிக்கலாம். எது மெய் என்பதைத் தீர்மானிக்கலாகாது. ஒடுக்கப்பட்டோருக்காகப் பேசும் ஊடகத்திற்கு இக்கடப்பாடு மிகுதி. ஏனெனில் அதன் பிழைக்கு விலை கொடுப்போர் அவ்வொடுக்கப்பட்டோரே ஆவர்.