ஓய்வுப் பட்டியல் யாருக்கு? விண்டோஸும் வில்லியனூரும்

மைக்ரோசாஃப்ட் தன் ஆவணத் தளத்தில் இரண்டு பக்கங்களை விடாமல் புதுப்பித்துக்கொண்டே இருக்கிறது. ஒன்று, விண்டோஸில் 'டெப்ரிகேட்' செய்யப்பட்ட வசதிகளின் பட்டியல். இன்னொன்று, நீக்கியே விட்ட வசதிகளின் பட்டியல். கொஞ்ச நாளாக இரண்டையும் வரிசையாக வாசித்து வருகிறேன். படிக்கச் சுவையான எழுத்து இல்லைதான். ஆனால் ஓர் இயங்குதளத்தைச் செய்கிறவர்கள் அதைப் பயன்படுத்துகிறவரை எப்படிக் கற்பனை செய்துகொள்கிறார்கள் என்று தெரிஞ்சுக்க இதைவிட நல்ல ஆவணம் கிடையாது.

முதலில் சொல். 'டெப்ரிகேட்டட்' என்பதற்குத் தமிழில் எனக்குத் திருப்தியான ஒற்றைச் சொல் இன்னும் அமையவில்லை. 'கைவிடப்பட்டது' என்றால் ஏற்கெனவே போய்விட்டது என்று ஆகிவிடும். 'காலாவதி' என்றால் மருந்துக்கடை ஞாபகம் வருகிறது. சரியாகச் சொல்லணும்னா, பணி ஓய்வுக்கு ஆறு மாதம் இருக்கிற அதிகாரி மாதிரி: நாற்காலியில் இருப்பார், கையெழுத்துப் போடுவார், புது ஃபைல் மட்டும் அவர் மேஜைக்கு வராது. 'நீக்கப்பட்டது' என்பது ஒருநாள் காலையில் அதே அறைக்கு வெளியே தொங்கும் வேறு பெயர்ப்பலகை. இவை இரண்டோடும் போட்டுக் குழப்பப்படுகிற மூன்றாவது ஒன்று உண்டு, ஆதரவு முடிவு. அதில் எதுவும் மறையாது, எல்லாம் அப்படியே ஓடும். ஓட்டை விழுந்தால் அடைக்க ஆள் வரமாட்டார், அவ்வளவுதான்.

பட்டியலைத் திட்டுவதற்கு முன்னால் அதன் நல்ல பக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். விபிஸ்கிரிப்டை எடுத்துக்கொள்ளுங்கள். 2023 அக்டோபரில் அது டெப்ரிகேட் ஆனதாக அறிவித்தார்கள். 2024 மே மாதத்தில் மூன்று கட்டத் திட்டம் வந்தது. முதல் கட்டத்தில் அது தேவைப்பட்டால் சேர்த்துக்கொள்ளும் கூறாக மாறும், ஆனால் முன்னிருப்பாக இயங்கிக்கொண்டே இருக்கும். 2027 வாக்கில் முன்னிருப்பாக அணைந்திருக்கும், வேண்டியவர் தானே இயக்கிக்கொள்ளலாம். அதற்குப் பிறகு ஒருநாள் அடியோடு போகும். ஒரு வசதியை ஓய்வு கொடுத்து அனுப்புவதற்கு இது மரியாதையான வழி. நடுவில் அந்த 'அணைந்திருக்கும், ஆனால் இருக்கும்' என்கிற கட்டம்தான் இதில் முக்கியம். எது எதை நம்பி ஓடுகிறது என்று யாருக்கும் முழுசாகத் தெரியாதபோது, அணைத்துப் பார்த்தால் எங்கிருந்து சத்தம் வருகிறதோ அங்கே தெரிந்துவிடும். திரும்பப் போட்டுவிட்டு நிதானமாக மாற்று தேடலாம்.

ஆனால் இந்த நிதானம் யாருக்கு? பத்தாயிரம் கணினி வைத்திருக்கும் நிறுவனத்தில், இந்தப் பக்கத்தைப் படிப்பதே வேலையாக உட்கார்ந்திருக்கும் நிர்வாகிக்கு. பட்டியலின் ஒவ்வொரு வரியும் அவரைப் பார்த்துத்தான் பேசுகிறது. வேர்ட்பேட் விஷயத்தைப் பாருங்கள். விண்டோஸ் 95 காலத்திலிருந்து கூடவே வந்த எளிய எழுதி அது. 2023 செப்டம்பரில் அறிவிப்பு, 2024-ல் வந்த 24எச்2 பதிப்பில் ஆள் இல்லை. மாற்றாக அவர்கள் பரிந்துரைத்தது, அலங்கார எழுத்துக்கு மைக்ரோசாஃப்ட் வேர்ட், வெறும் எழுத்துக்கு நோட்பேட். இலவசமாக இருந்ததற்கு மாற்று, காசு கொடுத்து வாங்குவது! லிப்ரே ஆஃபிஸ் என்று ஒன்று இருப்பது அந்த வரியை எழுதியவருக்குத் தெரியாமல் இருக்காது.

பாகூர் பக்கம் நெல் லாரி ஏறி இறங்கும் ஓர் எடைமேடை அறையில் சென்ற அறுவடையின்போது கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். 32 பிட் விண்டோஸ் 7 ஓடும் கணினி. அதற்குள் கறுப்புத் திரையில் ஃபாக்ஸ்புரோவில் எழுதிய பழைய டாஸ் நிரல். எடை காட்டும் கருவியிலிருந்து சீரியல் கேபிள். மூன்று படி கார்பன் சீட்டை டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் கரகரவென்று தள்ளுகிறது. "தம்பி, ஓடுற வரைக்கும் ஓடட்டும். எழுதிக் கொடுத்த ஆளு இப்ப எங்க இருக்காருன்னே தெரியல" என்றார் நடத்துகிறவர். விண்டோஸ் 7-க்கு ஆதரவு 2020 ஜனவரி 14-ல் முடிந்தது என்று அவரிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது? அந்தக் கணினி இணையத்தில் இல்லவே இல்லை.

அவருக்கு உண்மையில் வரப்போகும் சிக்கல் வேறு. 64 பிட் விண்டோஸ் எதிலும் 16 பிட் டாஸ் நிரல்கள் ஓடாது. விண்டோஸ் 10 வரை 32 பிட் பதிப்பு கிடைத்தது, அதில் அந்தப் பழைய அடுக்கைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்ளலாம். விண்டோஸ் 11 64 பிட்டில் மட்டுமே வருகிறது. ஆக, இந்த மதர்போர்டு எரியும் நாளில் புதுச்சேரி போய் எந்தப் புதுக் கணினியை வாங்கி வந்தாலும் அந்தச் சீட்டு நேரடியாக வராது. டாஸ்பாக்ஸ் மாதிரி எமுலேட்டர் போடலாம். அது விளையாட்டுகளுக்காகச் செய்தது, அச்சடிப்புக்கு அது லேசில் வளைந்து கொடுக்காது. இதற்கென்றே சிலர் செய்த விடாஸ் போன்றவை இருக்கின்றன. அவருக்கு அதை யார் சொல்வது? ஓய்வு அவருக்கு ஓர் அறிவிப்பாக வருவதில்லை. ஒரு விபத்து நாளில், அறுவடைக்கு நடுவில், கதவைத் தட்டுகிறது.

விண்டோஸ் 10 கதை எல்லோருக்கும் தெரியும். 2025 அக்டோபர் 14-ல் ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 வேண்டும், இன்டெல் என்றால் ஏறக்குறைய எட்டாம் தலைமுறைச் சில்லு வேண்டும். நம் ஊர் ஜெராக்ஸ் கடைகளில், செகண்ட் ஹேண்டில் வாங்கிய இயந்திரங்களில் பல இந்த வாசலிலேயே நின்றுவிடும். வீட்டுக் கணினிகளுக்கு ஓராண்டு நீட்டிப்பு, 2026 அக்டோபர் 13 வரை: 30 டாலர் கட்டலாம், அல்லது அமைப்புகளை அவர்கள் மேகத்தில் சேமித்தால் இலவசம். கடை, அலுவலகம் என்றால் கணினிக்கு முதல் வருஷம் 61 டாலர், ஒவ்வொரு வருஷமும் இரட்டிப்பு, அதிகபட்சம் மூன்று வருஷம். (விண்டோஸையே காசு கொடுத்து வாங்காத கடைக்காரரிடம் நீட்டிப்புக் கட்டணம் பற்றிப் பேசுவது தனி நகைச்சுவை.) நுகர்வோர் அமைப்புகள் போராடியதால் ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியில் இருப்பவர்களுக்கு மட்டும் அந்த மேகச் சேமிப்பு நிபந்தனையும் தளர்ந்தது. நம் ஊரில் பிரெஞ்சு பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் உண்டு. ஆனால் கணினி வில்லியனூரில் இருக்கிறதே.

பிரான்ஸ் பேச்சு வந்ததால் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. ஓர் ஆட்சி அமைப்பையே ஓய்வு கொடுத்து அனுப்பிய மண் இது. வில்லியனூரிலிருந்து கொஞ்ச தூரத்தில் கீழூர் இருக்கிறது. 1954 அக்டோபர் 18-ல் அங்கே கூடிய 178 பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவோடு இணைய வாக்களித்தார்கள். நவம்பர் 1-ல் நிர்வாகம் கைமாறியது. சட்டப்படியான மாற்றமோ 1962 ஆகஸ்ட் 16-ல்தான் நடந்தது. நடுவில் எட்டு வருஷம், பழையதும் புதியதும் சேர்ந்து ஓடின. ஒப்பந்தத்தில் குடியுரிமையைத் தேர்ந்துகொள்ள ஆறு மாதக் கெடு இருந்தது. எழுத்தில் அறிவிக்க வேண்டும். அதாவது சேதி எட்டியவருக்கே அந்த வாய்ப்பு. 'கொம்யூன்' என்ற பெயர் மட்டும் நீக்கப்படாமல் இன்றும் வில்லியனூர் கொம்யூன் பஞ்சாயத்து, பாகூர் கொம்யூன் பஞ்சாயத்து என்று பலகைகளில் ஓடிக்கொண்டிருக்கிறது. குறை சொல்ல நிறைய இருந்தாலும், எது தொடரும், எது எப்போது மாறும், யாருக்கு என்ன தேர்வு என்று மூன்றையும் அந்த ஒப்பந்தம் எழுதிவைத்தது. மைக்ரோசாஃப்டின் பக்கங்களில் முதல் இரண்டுதான் இருக்கின்றன.

இனி எனக்கு உண்மையில் கவலை தரும் விஷயம். எந்தப் பட்டியலிலும் வராத ஓய்வுகள். அவை வசதிகளாக இருந்ததே இல்லை என்பதால் பட்டியலில் வரவும் முடியாது.

விண்டோஸில் தமிழ் முதலில் வந்தது விண்டோஸ் 2000-ல், லதா எழுத்துருவோடு. அதற்கு முன்னால் தமிழில் தட்டச்சு செய்த எல்லோரும் ஒரு தந்திரத்தில்தான் செய்தார்கள்: ஆங்கில எழுத்துக்குரிய இடத்தில் தமிழ் வடிவத்தை வரைந்து வைத்த எழுத்துரு. பாமினியில் 'தமிழ்' என்று அடித்தால் கோப்புக்குள் இருப்பது ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியும். எழுத்துரு இருந்தால் தமிழ், இல்லாவிட்டால் கிறுக்கல். இயங்குதளத்துக்குத் தான் தமிழைத் தாங்கிக்கொண்டிருப்பதே தெரியாது. தெரியாததை அது எப்படி ஓய்வு அறிவித்து அனுப்பும்?

ஓர் உதாரணம் போதும். டிஸ்கி குறியேற்றத்தில் 'இ' முதலில் 173-ஆம் இடத்தில் இருந்தது. லத்தீன் குறியேற்றத்தில் அந்த இடம் மென் இடைக்கோட்டுக்கு உரியது: வரி உடையும்போது மட்டும் தெரியும், மற்ற நேரம் மறைந்திருக்கும். அந்த விதியைக் கறாராகப் பின்பற்றிய மென்பொருள்களில் 'இ' காணாமல் போனது. கடைசியில் டிஸ்கி 1.7 பதிப்பில் அதற்கு 254-ஆம் இடத்தைக் கொடுத்தார்கள். எந்த வசதியும் நீக்கப்படவில்லை. யாரும் தப்பு செய்யவில்லை. ஓர் உயிரெழுத்து போயிற்று.

தமிழ்நாட்டில் 1999-ல் டாப், டாம் என்று தரம் வகுத்தார்கள். 2010-ல் யூனிகோடும் டேஸ்16-உம் வந்தன. அந்த ஆணைகள் புதுச்சேரியைக் கட்டுப்படுத்தாது. கட்டுப்படுத்தினாலும், புதிதாக எதில் எழுதுவது என்பது ஒரு கேள்வி. பழையதை யார் எடுத்து மாற்றுவது என்பது வேறு கேள்வி.

இது வில்லியனூருக்கு வெறும் தத்துவம் இல்லை. 1998-ல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், கனடாவின் ஐ.டி.ஆர்.சி. நிதியுதவியோடு இங்கே தகவல் கிராமத் திட்டத்தைத் தொடங்கியது. வில்லியனூர் மையம். அங்கிருந்து எம்பலம், வீராம்பட்டினம் முதலிய ஊர்களின் அறிவு மையங்களுக்குத் தொலைபேசியிலும், அது சரியில்லாத இடத்தில் விஎச்எஃப் வானொலியிலும் தகவல் போகும். கரண்ட் போனால் சோலார். அரசுத் திட்டங்கள், விலை நிலவரம், மருத்துவம் என்று உள்ளூர் ஆட்களே, பெண்களும் நிறைய, தமிழில் தகவல் திரட்டினார்கள். 1998-ல் விண்டோஸில் தமிழ் இல்லை என்றால், அன்று அங்கே தட்டச்சான தமிழ் எந்த வடிவில் இருந்திருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். கிராமத்து மக்கள் தங்கள் கையால் முதன்முதலாகக் கணினியில் ஏற்றிய எழுத்து, இயங்குதளம் அடையாளம் காணாத எழுத்து.

அதே திட்டத்தில்தான் இந்தக் கட்டுரையின் கேள்விக்குப் பாதிப் பதிலும் இருக்கிறது. அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்தில் வந்த அலை உயர முன்கணிப்பைத் தினமும் எடுத்து, தமிழாக்கி, வீராம்பட்டினத்தில் ஒலிபெருக்கியில் சொன்னார்கள். அந்தத் தளம் வீராம்பட்டினத்து மீனவருக்காக எழுதப்பட்டதா என்ன? இல்லை. நடுவில் ஓர் ஆள் உட்கார்ந்து, 'நாளைக்குக் கடல்ல போகலாமா' என்ற கேள்விக்கு அதைப் பதிலாக மாற்றினார். 2004 டிசம்பர் 26 அன்று நல்லவாட்டில், சிங்கப்பூரிலிருந்து வந்த தொலைபேசிச் சேதியை வைத்து அறிவு மையத்து ஒலிபெருக்கியில் எச்சரித்து ஊரையே காப்பாற்றியதும் இதே அமைப்புதான்.

ஓய்வுப் பட்டியலுக்கு அப்படி ஓர் ஆள் இல்லை. இருந்தால் அவர் படிக்கும் வரிசையே தலைகீழாக இருக்கும். 'எந்த வசதி போகிறது' என்று தொடங்கமாட்டார். எடைமேடைச் சீட்டு, டெண்டருக்கு டிஜிட்டல் கையொப்பம், அச்சகத்தில் பழைய பேஜ்மேக்கர் கோப்பு, கோயில் வரவு செலவு என்று வேலையிலிருந்து தொடங்கி, அது எதையெல்லாம் நம்பி நிற்கிறது என்று கீழே இறங்குவார். அடோபி 2023 ஜனவரியில் டைப் 1 எழுத்துரு ஆதரவை நிறுத்தியது அச்சகத்து வரியில் வரும், விண்டோஸ் வரியில் வராது.

'லினக்ஸ் போடுங்க, எல்லாம் தீர்ந்துடும்' என்று சொல்ல எனக்கும் ஆசைதான், பல இடங்களில் சொல்லியும் வருகிறேன். விண்டோஸ் 10-லிருந்து தள்ளப்பட்ட 64 பிட் கணினிகளுக்கு அது இன்றைக்கும் சரியான பதில். ஆனால் அங்கேயும் ஓய்வு உண்டு: 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-ல் 32 பிட் இன்டெல் கணினிகளுக்கு நிறுவியும் இல்லை, கெர்னலும் இல்லை. டெபியனின் வெளியீட்டுக் குறிப்பில் அடுத்து எவை போகும் என்று தனிப் பகுதியே வைத்து வெளிப்படையாகச் சொல்கிறார்கள். அதுவும் இங்கே யாரும் படிக்காத பக்கம்தான்.

பழைய தமிழ்க் கோப்பு வைத்திருப்பவர்கள் இந்த வாரமே செய்யக்கூடியது ஒன்று. என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற ஒன்றில் யூனிகோடுக்கு மாற்றி, நடுவில் இரண்டு பக்கத்தையாவது மூலத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள், குறிப்பாக 'இ'யை. மூலக் கோப்பை அழிக்க வேண்டாம். எழுத்துருக் கோப்பையும் அதே ஃபோல்டரில் போட்டு, ஒரு பிடிஎஃப் எடுத்து வைத்து, எந்தக் குறியேற்றம், எந்த மென்பொருள் என்று ஒரு குறிப்புக் கோப்பில் எழுதிவிடுங்கள். எடைமேடைக்காரர் விஷயத்தில், இந்த அறுவடை முடிந்ததும் அவருடைய வட்டைப் பிரதியெடுத்து, ஒரு 64 பிட் கணினியில் விடாஸில் ஓட்டிப் பார்ப்பதாக இருக்கிறேன். மூன்று படி சீட்டு வருமா என்பதுதான் சந்தேகம்.