களஞ்சியத்தில் இல்லாத தெய்வங்கள்

சமய ஆய்வில் ஈடுபடும் மாணவர் பலரும் முதலில் கோயிலுக்குச் செல்கின்றனர், பூசகரை வினவுகின்றனர், ஒளிப்படம் எடுக்கின்றனர், அதன் பின்னரே நூலகத்தை நாடுகின்றனர். கிள்ளான் பள்ளத்தாக்கில் கோயில்களுக்குக் குறைவில்லை. ஆதலின் இம்முறை எளிதாகவும் தோன்றுகிறது. ஆயின், இன்னது கேட்க வேண்டும் என்னும் தெளிவின்றிக் கேட்ட வினாவுக்குத் தலபுராணமே விடையாகக் கிடைக்கும். பின்புலம் தரும் பார்வை நூல்களை முன்னரே கற்றவர்க்கே கோயில் வாய்திறந்து பேசும்.

தமிழில் அத்தகைய நூல்கள் இல்லாமல் இல்லை. ஆ. சிங்காரவேலு முதலியார் தனியொருவராக உழைத்துத் தொகுத்த அபிதான சிந்தாமணி, மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் வாயிலாக 1910இல் வெளிவந்தது. புராணப் பெயர்களுக்கு இன்றும் அதுவே முதல் வாயில். எனினும் அதனைப் படிப்பதற்கு ஓர் எச்சரிக்கை வேண்டும். வேறு வேறு காலத்துக் கதைகள் அதில் ஒரே தலைப்பின்கீழ், ஒரே குரலில் சொல்லப்படுகின்றன. கதைக்கும் வரலாற்றுக்கும் இடையே கோடு கிழிப்பது அந்நூலின் நோக்கமன்று; அது படிப்பவரின் கடமை. பெரியசாமித் தூரனைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வந்த கலைக்களஞ்சியம் துறையறிஞர் பலர் எழுதியது; நடையிலும் நிதானமானது. இவ்விரண்டையும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலேயே இன்று காணலாம். ஆகவே நூல் கிடைக்கவில்லை என்னும் பழைய சமாதானம் இனிச் செல்லாது.

ஆயினும் தோட்டத்து முனியாண்டியையும் மதுரை வீரனையும் ஆராய்பவர்க்கு இவை மட்டும் போதா. கிராம தேவதைகளைப் பற்றி விரித்தெழுதியோர் பெரும்பாலும் அயலவரே. தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு 1713இல் எழுதிய தென்னிந்தியத் தெய்வங்களின் வரலாறு 1867இல்தான் அச்சேறியது. சென்னைப் பேராயர் ஒயிட்ஹெட் தென்னிந்தியக் கிராம தெய்வங்களைப் பற்றி எழுதிய நூல் 1916இல் வந்தது. இருவரும் பாதிரிமார், தம் சமயத்தின் அளவுகோலைக் கையிலிருந்து இறக்கி வைத்தவரல்லர். அவர்தம் தீர்ப்பை ஒதுக்கிச் செய்தியை மட்டும் கொள்ளும் பயிற்சி மாணவர்க்கு வேண்டும்.

பார்வை நூல் என்னும் துறையில் கோலாலம்பூருக்கே ஒரு பெருமை உண்டு. முதல் உலகத் தமிழ் மாநாடு இங்கு நடைபெற்ற 1966ஆம் ஆண்டிலேயே, தனிநாயக அடிகள் தொகுத்த தமிழியல் நூல்வழிகாட்டியை மலாயாப் பல்கலைக்கழகம் வெளியிட்டது. எதனை எங்கே தேடுவது என்று சொல்லும் நூல் அது. ஆனால் ‘நூல்கள்’ என்று அதன் தலைப்பிலேயே எல்லை வகுக்கப்பட்டுள்ளது. இந்நாட்டுச் சமய வாழ்வின் சான்றுகளோ பெரும்பாலும் நூல்வடிவம் பெறாதவை: குடமுழுக்கு மலர்கள், கோயில் நிருவாகக் குறிப்புகள், தேசிய ஆவணக் காப்பகக் கோப்புகள், நாளிதழ்ச் செய்திகள். அடிகள் நிறுத்திய இடத்திலிருந்து இச்சான்றுகளைத் தொகுத்துத் தொடர்ந்திருக்க வேண்டிய பணி அது. சங்கங்களும் கல்வித்துறைகளும் விழாக்களுக்குச் செலவிட்ட ஊக்கத்தில் ஒரு பகுதியேனும் அதற்குச் செலவிட்டனவா என்பது கேட்கத்தக்க வினாவே.

ஒரு கோயிலை எடுத்துக்கொள்வோம். கோலாலம்பூர் மகாமாரியம்மன் கோயிலைத் தம்புசாமி பிள்ளை நிறுவியது 1873இல். இன்றுள்ள இடத்துக்கு அது வந்தது 1885இல். இன்று காணும் கட்டடம் 1968இல் எழுந்தது. மூன்று ஆண்டுகளும் உண்மையே. எது எதற்குரியது என்று பிரித்தறியாத மாணவர், கோபுரத்தின் படத்தை ஒட்டி அதன்கீழ் 1873 என்று எழுதிவிடுகிறார். பிரிக்பீல்ட்ஸ் கந்தசுவாமி கோயிலில் சிக்கல் வேறுவகை. அதனை எழுப்பியோர் இலங்கைத் தமிழர். அதன் வழிபாட்டு மரபும் யாழ்ப்பாணத்தது. தமிழகத்துக் களஞ்சியங்களை மட்டும் புரட்டி அதனை விளக்க முற்படுவது வழிதவறுவதாகும். ஆ. முத்துத்தம்பிப்பிள்ளை 1902இல் வெளியிட்ட அபிதான கோசம் முதலிய யாழ்ப்பாண நூல்களை அங்கே கையிலெடுக்க வேண்டும். அபிதான சிந்தாமணிக்கு எட்டாண்டு மூத்ததாகிய அக்கோசத்தின் பெயரையே நம் மாணவர் பலர் கேட்டறியார்.

இது வெறும் ஏட்டுப்படிப்புச் சிக்கலன்று. தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்புப் பகுதிகளாக மாறியபின், கோயிலின் தொன்மையும் உரிமையும் வழக்குக்குரியவையாகிவிட்டன. சுபாங் ஜெயாவில் சீபீல்ட் மாரியம்மன் கோயிலை இடம்பெயர்ப்பது பற்றிய தகராறு 2018 நவம்பரில் கலவரமாக வெடித்ததை நாடறியும். அத்தகைய நேரத்தில் பெரியோர் சொல்லக் கேட்டதை மட்டும் கொண்டு ஒரு கோயிலின் அகவையை நிறுவுதல் அரிது. கோயிலின் பெயரில் தோட்டத்தின் பெயர் ஒட்டிக்கொண்டிருப்பதே சில இடங்களில் எஞ்சிய ஒரே தடயம்.

1924இல் தொடங்கிய தமிழ் நேசன் 2019இல் நின்றுவிட்டது. சிங்கப்பூரில் 1935இல் தோன்றிய தமிழ் முரசின் பழைய இதழ்களை அந்நாட்டுத் தேசிய நூலகம் மின்வடிவில் வழங்குகிறது. மலாயாச் செய்திகளும் அவற்றில் உள்ளன. குடமுழுக்கு மலர்களுக்கு அத்தகைய ஏற்பாடு வேண்டும். கிள்ளானில் ஆசிரியர் ஒருவர் தம் வகுப்பைக் கொண்டே, அவ்வட்டாரக் கோயில்களின் மலர்களை ஆண்டு, பதிப்பித்தோர், கட்டுரைத் தலைப்பு என்று ஓராண்டில் அட்டவணைப்படுத்திவிடலாம்.