முன்விரோதம் என்றொரு சொல்

விழுப்புரத்துக் கொலைகளைப் பற்றி எழுதப்பட்டவற்றை வரிசையாக வாசித்தபோது என்னை உறுத்தியது எண்ணிக்கையல்ல, அவற்றுக்கு வைத்த பெயர்கள்.

1978 ஜூலையில் இங்கே 12 தலித்துகள் கொல்லப்பட்டார்கள். இன்றும் பலர் அதைக் 'கலவரம்' என்கிறார்கள். கலவரமென்றால் இரு தரப்பும் மோதிக்கொண்டதாக ஒரு நினைப்பு வந்துவிடுகிறது. தலித் எழுத்தாளர்கள்தான் அதைப் 'படுகொலை' என்று திருத்தினார்கள். ஆனால் திருத்திய வரலாற்றிலும் ஒரு ஓட்டை இருக்கிறது. கடைத்தெருவில் ஒரு தலித் பெண்ணைச் சீண்டியதில் தொடங்கியது என்று பல பதிவுகளும் ஆரம்பிக்கின்றன. முதல் பத்தியில் வரும் அந்தப் பெண் இரண்டாம் பத்தியில் இல்லை. பிறகு சாதி, வியாபாரம், கட்சி, விசாரணை ஆணையம். அவள் மறுபடி அந்தக் கடைத்தெருவுக்குப் போனாளா என்பதை நான் வாசித்த எதுவும் சொல்லவில்லை. கலவரத்துக்குக் 'காரணமானவள்' என்ற பழி மட்டும் சொல்லாமலே அவள்மேல் விழுகிறது.

2006 மே மாதம் திண்டிவனத்தில் அமைச்சராக இருந்த சி.வி. சண்முகத்தின் வீட்டில் நடந்த தாக்குதலில் ஒருவர் கொல்லப்பட்டார். அது உடனே 'அரசியல் கொலை' ஆனது, வழக்கு சிபிஐ வரை போனது. சரிதான்.

2016இல் விழுப்புரம் அருகே 17 வயது மாணவியை, விடாமல் தொல்லை கொடுத்துவந்த ஒருவன் அவள் வீட்டுக்கே வந்து தன்மேல் தீ வைத்துக்கொண்டு அவளைக் கட்டிப்பிடித்தான். சில நாளில் அவளும் இறந்தாள். செய்தியில் அது 'ஒருதலைக் காதல்'. வேண்டாமென்று சொன்னவளின் சாவுக்கும் காதல் என்றுதான் பெயர் வைக்க முடிகிறது நமக்கு! போதாததற்கு இரண்டு சாதிகளின் கௌரவப் பேச்சும் அதன்மேல் ஏறிக்கொண்டது.

2020 மே மாதம், ஊரடங்குக்கு நடுவே, திருவெண்ணெய்நல்லூர் பக்கம் சிறுமதுரையில் பத்தாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி வீட்டில் எரிக்கப்பட்டாள். கைதான இருவரும் ஆளுங்கட்சி நிர்வாகிகள். கட்சி அவர்களை நீக்கியது. ஆனால் இது மட்டும் 'அரசியல் கொலை' ஆகவில்லை. 'முன்விரோதம்' ஆனது. விரோதம் அப்பாவோடு, எரிந்தது மகள். ஆண்கள் கணக்குத் தீர்த்துக்கொள்ளும் இடம் பெண்ணின் உடல் என்பதை அந்தச் சொல் அழகாக மூடிவிடுகிறது.

உடல் முழுக்க வெந்த நிலையிலும் அவள் வாக்குமூலம் கொடுத்தாள். யார் செய்தது என்று பெயர் சொன்னாள். அவள் சொன்னதில் 'முன்விரோதம்' என்ற சொல் இல்லை. அது நாம் சேர்த்தது.